வீட்டுக் காருக்கு வீட்டு வைத்தியம்... எது வரை செய்யலாம்?

'குடும்பத் தேவைக்காகப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறோம். மாதத்தில் நான்கைந்து நாள்தான் ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் களத்து ஓரமாக நிற்கிறது. அவசரத்துக்கு எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. சின்ன வேலைக்கும் டவுன் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. எந்தெந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்?' என்று திருச்சி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட இதே கேள்வி வேறு சில ஊர்களில் இருந்தும் வந்திருப்பதால், இந்த இதழில் இதற்கே முழுப் பதில்.

கிராமங்களில் இப்போது பழைய கார்கள் நிறையவே ஓடுகின்றன. 1983-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800, அதற்குப் பிறகு நின்ற ஆம்னி போன்ற வண்டிகளை இன்றும் பல விவசாயக் குடும்பங்கள் வைத்திருக்கின்றன. விதை வாங்க, வெண்டைக்காய் மூட்டையைச் சந்தைக்கு எடுத்துப் போக, கல்யாணம் காட்சிக்குப் போக என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். இரவு இரண்டு மணிக்குப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றாலும், தோட்டத்தில் யாரையாவது பாம்பு கடித்துவிட்டாலும் முதலில் சாவியைத் தேடுவதும் அந்த வண்டிக்குத்தான். அந்த நேரத்தில் கார் கிளம்புமா என்பது, போன வாரம் பானட்டைத் திறந்து பார்த்தார்களா என்பதில் இருக்கிறது.

கிராமத்துக் காருக்கு எதிரிகள் வேறு

நகரத்துக் கார் ஓடி ஓடித் தேய்கிறது. கிராமத்துக் கார் பெரும்பாலும் நின்று நின்றே கெடுகிறது. களத்துத் தூசு, போர் தண்ணீரின் உப்பு, உரமூட்டை, எலி, வைக்கோல், மரத்தடி நிழல் ஆகிய ஆறும்தான் இங்கே முக்கியமான எதிரிகள். கார் கம்பெனி கொடுக்கும் கையேட்டில் இவை பற்றி ஓரிரு வரிதான் இருக்கும். ஆனால், இந்த ஆறையும் சமாளிக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மெக்கானிக் தேவையில்லை. பயிரைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணும், நான்கு சாமானும் போதும்.

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம்

வாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொண்டு, காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்பு பானட்டைத் திறந்து ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இன்ஜின் ஆயில். சமதரையில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்தால், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் இன்ஜினுக்கு ஆபத்து. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. ஆயில் கறுத்திருப்பது இயல்பு. மோர் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

இரண்டாவது, கூலன்ட். இதற்கென்று இருக்கும் வெள்ளை நிற டேங்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கோடுகள் இருக்கும். அளவு நடுவில் நிற்க வேண்டும். வாரா வாரம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது.

மூன்றாவது, பிரேக் ஆயில். இதில் பார்ப்பது மட்டும்தான் வீட்டு வேலை. அளவு குறைந்திருந்தால், பிரேக் பேடு தேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒழுக வேண்டும். மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் கோளாறு மறைந்துதான் போகும், தீராது. வேறு ஆயில் கையில் இருக்கிறதே என்று அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய், பிரேக்கே பிடிக்காத நிலை வரும்.

நான்காவது, வண்டி நின்ற இடத்தின் தரை. கறுப்புச் சொட்டு இருந்தால் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என நிறமாக இருந்தால் கூலன்ட். ஏ.சி போட்டு ஓட்டிய பிறகு சொட்டும் சுத்தமான தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்.

ஐந்தாவது, எலி வந்து போன அடையாளம். அதைப் பற்றித் தனியாகப் பார்க்கலாம்.

பார்த்து முடித்ததும் வண்டியை எடுத்து இருபது முப்பது நிமிடம் ரோட்டில் ஓட்டிவிட்டு வர வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பலருக்கும் பழக்கம். அதனால் பேட்டரிக்கு நன்மை இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட முழுதாகத் திரும்பி ஏறாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. வாசனையோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உயிரையே எடுத்துவிடும்.

தூசு குடிக்கும் ஃபில்டர்

ஏர் ஃபில்டர், இன்ஜினுக்கு மூக்கு மாதிரி. நெல் அறுவடை, மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் கிராமத்துக் காற்றில் இருக்கும் தூசு, தார் ரோட்டில் ஓடும் காருக்குத் தெரியாதது. மண் தூசில் மணல் துகள் இருக்கிறது. அது உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும்.

பெரும்பாலான கார்களில் ஃபில்டர் பெட்டியை நான்கு கிளிப்போ, சில ஸ்குருவோதான் மூடியிருக்கும். திறந்து, காகித ஃபில்டரை எடுத்து, தரையில் மெதுவாகத் தட்டினால் தூசு கொட்டும். காற்று அடிப்பதாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசு காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். தண்ணீரில் அலசுவதும் மண்ணெண்ணெயில் நனைப்பதும் காகித ஃபில்டரைப் பாழாக்கும். வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது வெளிச்சம் ஊடுருவவில்லை என்றாலோ, எங்காவது கிழிசல் இருந்தாலோ புதிதுதான் போட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று ஓட்டுவது, இன்ஜினுக்கு வைக்கும் வேட்டு.

கையேட்டில் 'அதிகத் தூசு உள்ள இடங்களுக்கு' என்று தனிக் கணக்கு கொடுத்திருப்பார்கள். கிராமத்து வண்டிக்கு அந்தக் கணக்குதான் பொருந்தும்.

போர் தண்ணீரும் ரேடியேட்டரும்

சொட்டுநீர் போட்டிருக்கும் விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. டிரிப்பரின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும் அதே சுண்ணாம்பு உப்புதான், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பாறையும் இதுதான். இன்ஜின் சூட்டில் இது இன்னும் வேகமாகப் படியும். தண்ணீரில் குளோரைடு உப்பு அதிகமாக இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

எனவே, ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் கூடாது. கலந்தே வரும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். கலக்க வேண்டிய வகையாக இருந்தால், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விட்டுச் சுத்தம் செய்யும் பழக்கத்தில் ரேடியேட்டரிலும் ஆசிட் ஊற்றக் கூடாது. இப்போதைய ரேடியேட்டர்கள் அலுமினியம். ஆசிட் அதை அரித்து ஓட்டையாக்கிவிடும்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது மிகவும் ஆபத்தானது. உள்ளே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வழியில் சூட்டு முள் மேலே ஏறினால், ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே மூடியில் கை வைக்கலாம். கூலன்ட் கிடைக்காத இடத்தில் வீடு போய்ச் சேருவதற்காகக் குடிதண்ணீர் ஊற்றலாம். ஆனால், பிறகு அதை வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் நிரப்ப வேண்டும்.

கால்நடை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பல கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது இனிப்பாக இருப்பதால் நாய், ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி எல்லாம் நக்கிக் குடித்துவிடும். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து உயிரைப் பறிக்கும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. கீழே சிந்தியதை உடனே மண் போட்டு உறிஞ்சவைத்து அள்ளிவிட வேண்டும். மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

பேட்டரி: பாதிப் பிரச்னை முனையில்தான்

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று வரும் புகார்களில் நிறைய, பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியால் வருபவை. அந்தப் பொடி மின்சாரம் போகவிடாமல் தடுக்கும். இதைச் சரிசெய்ய புதுப் பேட்டரி தேவையில்லை.

வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸ் முனையையும் பிறகு பிளஸ் முனையையும் கழற்ற வேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்தால் பொடி நுரைத்துக் கரையும். மூடி உள்ள பேட்டரியாக இருந்தால் அந்தக் கரைசல் உள்ளே இறங்கிவிடாமல் மூடிகளை இறுக்கிவிட்டே தேய்க்க வேண்டும். துடைத்து உலரவைத்து, முதலில் பிளஸ், கடைசியாக மைனஸ் என்று மாட்டி இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வேசலின் தடவிவிட்டால் போதும். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. கண்ணில் ஆசிட் பட்டால் நிறைய நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரும், கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரும், ஆசிட்டும் வேண்டாம்.

பம்ப்செட் மோட்டாருக்காக வைத்திருக்கும் மல்டிமீட்டர் இதற்கும் பயன்படும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் பார்த்தால் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு சோதனை தெரிந்தால், தேவையில்லாமல் புதுப் பேட்டரி வாங்கும் செலவு மிச்சம்.

உரமூட்டை ஏற்றினால்...

பொட்டாஷ் என்று வாங்கும் மூரியேட் ஆஃப் பொட்டாஷ், வேதியியல்படி பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ பாதி குளோரைடு. சமையல் உப்புக்குப் பங்காளி என்றே சொல்லலாம். கடற்கரை ஊர்களில் இரும்பு எப்படி அரிக்கிறதோ, அதேபோல் இது காரின் தரைத் தகட்டை அரிக்கும். அம்மோனியம் சல்பேட்டும் துருவுக்குத் துணைபோகும். யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். மூட்டையின் தையல் ஓரத்தில் ஒழுகும் ஒரு கைப்பிடி உரம், தரைவிரிப்புக்கு அடியில் போய் ஈரத்தோடு உட்கார்ந்தால், மேலே எதுவும் தெரியாமல் தகடு அடியில் ஓட்டையாகிவிடும்.

உரம் ஏற்றுவது தவிர்க்க முடியாது என்றால், முதலில் கிழியாத தார்ப்பாயை விளிம்பு தூக்கி இருக்கும்படி விரித்து அதன்மேல் மூட்டையை வைக்க வேண்டும். இறக்கியதும் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் கூட்டி எடுக்க வேண்டும். பிறகு ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, நான்கு கதவையும் திறந்து போட்டு உலர்த்த வேண்டும். நேரடியாகத் தண்ணீர் ஊற்றினால் உரம் கரைந்து இண்டு இடுக்கெல்லாம் போய்ச் சேரும்.

பூச்சிமருந்தை ஆட்கள் உட்காரும் பகுதியில் வைக்கவே கூடாது. மூடிய காருக்குள், வெயிலில், அதன் ஆவி மூச்சில் கலக்கும். உணவுப்பொருள், மாட்டுத்தீவனம் ஆகியவற்றின் மேல் படும்படி பூச்சிமருந்தை எடுத்துச் செல்லவோ வைக்கவோ கூடாது என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளும் சொல்கின்றன. சீட்டில் மருந்து கொட்டிவிட்டால் வாசனைத் திரவியம் அடித்து மறைக்காமல், கையுறை போட்டு, அந்த உறையையே கழற்றி அப்புறப்படுத்துவதுதான் நல்லது. குழந்தைகள் உட்காரும் இடம் அது.

எலியும் வைக்கோலும்

நின்ற வண்டியின் இன்ஜின் அறை எலிக்கு இதமான வீடு. ஒயரைக் கடித்துவிட்டால் பில் ஆயிரக்கணக்கில் வரும். புழுக்கை, கடித்துப்போட்ட பஞ்சு, நெல் உமி ஆகியவை அடையாளங்கள். வைக்கோல் போருக்கும் தானிய அறைக்கும் அருகில் காரை நிறுத்தாமல் இருப்பதே முதல் மருந்து. கடலைப் புண்ணாக்கு, விதை மூட்டை, சாப்பிட்ட மீதி ஆகியவற்றைக் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. ஷெட்டில் எலிப்பொறி வைக்கலாம். இன்ஜின் அறைக்குள் விஷம் வைத்தால், எலி எட்டாத இடத்தில் செத்து நாறும். அதைத் தின்ற நாயும் பூனையும் சாகும். எலியின் சிறுநீர் மூலம் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், சுத்தம் செய்யும்போது கையுறை கட்டாயம்.

வைக்கோலில் இருக்கும் ஆபத்து தீ. கொள்ளு, உளுந்து, கேழ்வரகு, எள் என எதையெதையோ ரோட்டில் பரப்பி வண்டி ஏற்றிக் கதிரடிக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அதன்மேல் கார் போகும்போது தட்டையும் வைக்கோலும் அடியில் சுற்றிக்கொண்டு, சூடேறிய சைலன்சர் குழாயில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அந்தச் சூடே போதும். அப்படிப் போய்வந்த நாளில் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, கீழே குனிந்து பார்த்து, ஒரு கொக்கிக் கம்பியால் இழுத்து எடுத்துவிட வேண்டும். காய்ந்த சருகின் மேல் காரை நிறுத்துவதும் கூடாது.

கழுவுவதில் இருக்கும் கணக்கு

ஏரி, வாய்க்காலில் இறக்கிக் கழுவினால் ஆயிலும் கிரீஸும் ஆடு, மாடு குடிக்கும் தண்ணீரில் கலக்கும். வீட்டில் இரண்டு வாளி தண்ணீரே போதும். ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் மண்ணைத் தண்ணீர் விட்டு இறக்கிவிட்டுத்தான் துணி போட வேண்டும். மண்ணோடு தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். துணி துவைக்கும் பவுடர் பெயின்ட்டின் பளபளப்பைக் கெடுக்கும். வெயிலில் கழுவினால் உப்புத்தண்ணீர் அப்படியே காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். எனவே நிழலில் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும்.

மூன்று இடங்களைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஒன்று, டயருக்கு மேலே இருக்கும் வளைவின் உள்பக்கம். சேற்று வயலுக்குப் போய்வந்தால் அங்கே அப்பியிருக்கும் மண், ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். இரண்டு, கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள். கதவுக்குள் இறங்கும் மழைநீர் அதன் வழியாகத்தான் வடிய வேண்டும். உமியும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு தென்னை ஈர்க்கால் குத்திவிடலாம். மூன்று, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளம். வேம்பு, புளிய மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் இலை சேர்ந்து வடிகாலை அடைத்து, மழைக்காலத்தில் தண்ணீர் காருக்குள் வரும்.

மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை எடுத்து இன்ஜின் அறைக்குள் பீய்ச்சுவது வேண்டாம். ஒயர் இணைப்புகளில் தண்ணீர் புகுந்தால், புதுக் கோளாறு ஒன்றைக் கையோடு வாங்கியதாகிவிடும்.

டயரும் ஜாக்கியும்

எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த காலத்தைச் சொல்லும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பழைய கார் வாங்குபவர்கள் ஸ்டெப்னியிலும் இதைப் பார்க்க வேண்டும்.

டயர் மாற்றுவதை வீட்டில் எல்லோரும், பெண்களும் சேர்த்து, பகலில் ஒருமுறை செய்து பழகிக்கொள்வது நல்லது. கெட்டியான சமதரை, ஹேண்ட் பிரேக், எதிர் டயருக்கு இரு பக்கமும் கல். நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கி ஏற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அடுத்தடுத்து இறுக்காமல், எதிரெதிராக இறுக்க வேண்டும்.

ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையைக்கூட நீட்டக் கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும் செய்யப்பட்டது. வயல் மண்ணில் அது சாய்ந்தால், தப்பிக்க நேரமே இருக்காது. அடியில் வேலை பார்க்க வேண்டும் என்றால் கெட்டித் தரையில் ஆக்ஸில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதற்கு மாற்று இல்லை. பாரத்தில் திடீரென்று நொறுங்கிவிடும்.

வீட்டில் தொடக் கூடாத வேலைகள்

பிரேக்கைப் பிரிப்பது, ஸ்டீயரிங் வேலை, டைமிங் பெல்ட், ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயர்கள், கேஸ் கிட், பெட்ரோல் குழாய், ஏ.சி கேஸ் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. தவறு நடந்தால் வண்டி நிற்பதோடு முடியாமல் உயிரும் போகக்கூடிய வேலைகள் இவை. அதேபோல், ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் அட்டைத் தாளும் செம்புக் கம்பியும் வைத்தால் ஒயர் எரியும். புதுசும் உடனே போய்விட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை: ஸ்பேனர் செட், திருப்புளி, குறடு, காற்று அளக்கும் கேஜ், மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள், டார்ச், கையுறை, டிஸ்டில்டு வாட்டர், சில ஃபியூஸ்கள். இவற்றோடு ஒரு நோட்டும் வேண்டும். ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பேட்டரி வாங்கிய மாதம் என எல்லாவற்றையும் அதில் குறித்து வைத்தால், பட்டறையில் ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றச் சொல்லும்போது எடுத்துக் காட்டலாம்.

வாசகர்களின் குறுங்கேள்விகள்

வண்டி குறைவாக ஓடினால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரண்டு கணக்கு இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. நின்ற வண்டியிலும் ஈரம் சேர்ந்து ஆயில் கெடும்.

டிராக்டர் பேட்டரியிலிருந்து காரை ஸ்டார்ட் செய்யலாமா?

இரண்டும் 12 வோல்ட் என்று உறுதியானால் செய்யலாம். இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று தொடக் கூடாது. டிராக்டர் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு கேபிளை முதலில் கார் பேட்டரியின் பிளஸ்ஸிலும் பிறகு டிராக்டரின் பிளஸ்ஸிலும் மாட்ட வேண்டும். கறுப்பு கேபிளை டிராக்டரின் மைனஸ்ஸில் மாட்டி, மறுமுனையைக் கார் இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். புதிய வகைக் கார்களில் கையேட்டைப் பார்த்துவிட்டே செய்ய வேண்டும்.

மாற்றிய பழைய ஆயிலை மாட்டுப் புண்ணுக்கும், தென்னங்கன்றில் கரையானுக்கும் ஊற்றலாமா?

இரண்டும் கூடாது. இன்ஜினில் ஓடிக் கழிந்த ஆயிலில் ஈயம் போன்ற உலோகங்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் கலந்திருக்கும். மாடு புண்ணை நக்கினால் அது வயிற்றுக்குள் போகும். மண்ணில் ஊற்றினால் மண்புழுவும் நுண்ணுயிரும் சாகும், நாளடைவில் கிணற்றுத் தண்ணீர் வரை இறங்கும். கழிவு ஆயிலைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் சேர்க்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் மேலாண்மை விதிகள் சொல்கின்றன. எனவே, பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி வைத்திருந்து, கழிவு ஆயில் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட வேண்டும். மாட்டுப் புண்ணுக்குக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. கரையானுக்கு வேப்பம்புண்ணாக்கு இருக்கிறது.